எண்ணிப் பார்த்த மனிதர்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் போனில் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதட்டுமா என்றுதான் கேட்டேன். அதை ஏற்கெனவே மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்! வேறு ஏதாவது உருப்படியாக எழுதப்பா என்றார். சரி, நம் கல்லூரிப் பக்கமே வந்திராத, ஆனால் நம்மில் ஒவ்வொரு பொறியாளரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் வால்டெமார் ஹாஃப்கின். இறந்து 90 வருடங்களுக்கு மேல் ஆகிறது. மும்பையில் அவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பெயரைப் பொது அறிவுக் கேள்வித்தாளில் பார்த்திருப்போம். அதற்கு மேல் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

படிப்பு முடிந்த புதிதில் வேலைக்காகப் பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். பெங்களூரில் சில இடங்களில் பிளேக் அம்மனுக்குக் கோயில் உண்டு. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயிலே இருக்கிறது. நோயின் பெயரிலேயே சாமியா என்று முதலில் சிரிப்பு வந்தது. ஊருக்குப் போனபோது பாட்டியிடம் சொன்னேன். பாட்டி சிரிக்கவில்லை. அவருடைய மாமியார் சொன்ன கதை ஒன்று அவரிடம் இருந்தது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் மறுபேச்சில்லாமல் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊரே கொல்லைமேட்டில் கொட்டகை போட்டுத் தங்குமாம். திரும்பி வரும்போது சில வீடுகளில் விளக்கேற்ற ஆள் இருக்காதாம்.

பெங்களூருக்குப் பிளேக் வந்தது 1898-ல். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்தப் பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்க உருவான பகுதிகள். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம். மைசூர் சமஸ்தானத்து எல்லை நமக்குக் கூப்பிடு தூரம். 2020-ல் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் இ-பாஸ் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கும் அது புதிதில்லை. அந்தக் காலத்தில் பிளேக்குக்கு ஒரு ஊசி இருந்தது என்பதையும், அதைச் செய்தவர் ஹாஃப்கின் என்பதையும் நான் 2020-ல் வீட்டில் அடைந்து கிடந்தபோதுதான் படித்தேன்.

ஒடெசாவிலிருந்து பாரிஸ்

ஹாஃப்கின் பிறந்தது 1860 மார்ச் 15. ஊர் ஒடெசா. அன்றைக்கு ரஷ்யப் பேரரசு, இன்றைக்கு உக்ரைன். யூதக் குடும்பம். ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். ஆசிரியர் யார் தெரியுமா? பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய மெச்னிகோவ். நல்ல குரு, நல்ல சீடன். ஆனால் காலம் நன்றாக இல்லை. 1881-ல் ஒடெசாவில் யூதர்கள்மீது கலவரக் கும்பல் பாய்ந்தபோது, தன் மக்களைக் காப்பாற்ற நின்ற இளைஞர்களில் ஹாஃப்கினும் ஒருவர். அடிபட்டார், கைதும் ஆனார். மெச்னிகோவ் தலையிட்டு வெளியே எடுத்தார்.

படிப்பில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. மதம் மாறினால் தருகிறோம் என்றார்கள். மாறவில்லை. 1888-ல் ஜெனீவா, 1889-ல் பாரிஸ். பாரிஸில் லூயி பாஸ்டியர் நிலையம் அப்போதுதான் திறந்திருந்தது. அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே வேலை நூலகர் வேலை! புத்தகம் அடுக்கிய நேரம் போக மீதி நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் காலராக் கிருமியை வளர்த்தார். கேம்பஸ் இண்டர்வியூவில் கேட்ட வேலை கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகும் தம்பிகள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

காலரா என்றால் நம் ஊர்ப் பேச்சில் வாந்திபேதி. காலையில் நன்றாக இருந்தவன் பொழுது சாய்வதற்குள் போய்விடுவான். 1884-ல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் கல்கத்தாவில் அந்தக் கிருமியைக் குளத்துத் தண்ணீரிலேயே கண்டுபிடித்துக் காட்டியிருந்தார். நோய்க்குக் காரணம் தெரிந்தது, தடுக்க வழி தெரியவில்லை. ஹாஃப்கின் கிருமியைக் கினிப் பன்றிகளின் உடம்பில் திரும்பத் திரும்பச் செலுத்தி அதன் வீரியத்தை ஒரே அளவில் நிலைநிறுத்தினார். வெப்பத்தாலும் காற்றாலும் பலவீனமாக்கிய இன்னொரு வகையையும் தயார் செய்தார். முதலில் பலவீனமானது, சில நாள் கழித்து வீரியமானது. இதுதான் அவர் முறை. 1892 ஜூலை 18 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. ஆள் பிழைத்தார்.

அவர் முறையைப் பார்த்துத்தான் ஆல்ம்ராத் ரைட் என்ற ஆங்கிலேயர் டைஃபாய்டு தடுப்பூசிப் பக்கம் போனார். ஆனால் ஹாஃப்கினுக்கு ஒரு குறை. ஊசி ஆபத்தில்லை என்பதைத் தன் ஒரு உடம்பை வைத்துக் காட்டிவிடலாம். ஊசி காப்பாற்றுகிறது என்பதைக் காட்ட ஒரு உடம்பு போதாது. காலரா உண்மையிலேயே இருக்கிற ஊருக்குப் போக வேண்டும். பாரிஸில் அப்போது பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் டஃப்ரின் பிரபு. முன்னாள் இந்திய வைஸ்ராய். இந்தியாவுக்குப் போங்கள் என்று வழிகாட்டியவர் அவர்தான்.

எத்தனை பேருக்குப் போட்டாய், எத்தனை பேருக்குப் போடவில்லை?

1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார். அந்த ஒரு வருடத்தில் வட இந்தியா முழுக்கச் சுற்றி 20,000 பேருக்கு மேல் ஊசி போட்டார். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அவருக்கே திருப்தி இல்லை. போட்ட இடத்தில் காலரா வராமல் போகும். வந்த இடத்தில் ஆள் மாறியிருப்பார்கள், பட்டாளம் வேறு ஊருக்குப் போயிருக்கும். கணக்கு நிற்கவில்லை.

இதை நம் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். ஒருவர் ஆட்டுக்கு மருந்து விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மருந்து குடித்த 20 ஆடும் உயிரோடு இருக்கிறது என்கிறார். விவரம் தெரிந்த வியாபாரி உடனே வாங்க மாட்டார். மருந்து குடிக்காத ஆடு எத்தனை, அதில் எத்தனை பிழைத்தது என்று கேட்பார். அதுவும் அதே பட்டியில், அதே தண்ணீர் குடித்த ஆடாக இருக்க வேண்டும். குடிக்காததும் அத்தனையும் பிழைத்திருந்தால் மருந்துக்கு என்ன வேலை? இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் இன்றைக்குப் பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறார்கள்.

1894 மார்ச்சில் அந்த ஒப்பீடு கிடைத்தது. கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில், கட்டல் பகான் என்று பெயர், இரண்டு பேர் காலராவில் இறந்தார்கள். சுமார் 200 பேர் வசித்த இடம். எல்லோருக்கும் ஒரே குளத்துத் தண்ணீர். நகர சுகாதார அதிகாரி சிம்சன், ஹாஃப்கினைக் கூப்பிட்டார். மக்கள் முதலில் நம்பவில்லை. கல்லெறிகூட நடந்தது என்றும், எல்லோர் முன்னாலும் தனக்கே ஊசி போட்டுக் காட்டிய பிறகுதான் கூட்டம் அடங்கியது என்றும் சொல்வார்கள். கூட வந்த வங்காள மருத்துவர்கள் நால்வர் அந்த மக்களின் பாஷையிலேயே பேசி எடுத்துச் சொன்னார்கள். 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பின் அந்தக் குடிசைப் பகுதியில் மேலும் 7 பேர் காலராவில் இறந்தார்கள். அத்தனை பேரும் ஊசி போடாதவர்கள்.

கல்கத்தா மாநகராட்சி இந்தக் கணக்கைப் பார்த்தபிறகுதான் குடிசைப் பகுதிகளில் ஊசி போடும் வேலைக்குப் பணம் ஒதுக்கியது. அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். வேலை வேலை என்று அலைந்து மலேரியாவில் விழுந்து, 1895-ல் இங்கிலாந்து போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு 1896-ல் மறுபடி இந்தியா வந்து சேர்ந்தார்.

பம்பாயில் பிளேக்

அந்த வருடமே பம்பாயில் பிளேக் வெடித்தது. அரசாங்கம் கையில் எடுத்தது தடியை. 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து நோயாளியைத் தேடினார்கள். பெண்கள் இருக்கும் அறை, பூஜை அறை எதையும் பார்க்கவில்லை. சாமான்களை எரித்தார்கள், குடும்பத்தைப் பிரித்து முகாமில் அடைத்தார்கள். ஜனங்கள் நோயாளியை ஒளித்துவைத்தார்கள், ஊரை விட்டு ஓடினார்கள். ஓடினவர்களோடு நோயும் ஓடியது. புனேயில் பிளேக் கமிட்டித் தலைவர் ராண்டை 1897 ஜூனில் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டதும் இந்தக் கோபத்தில்தான். இத்தனை கெடுபிடிக்கும் பலன் இருக்கிறதா என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஹாஃப்கின் 1896 அக்டோபரில் பம்பாய் வந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்! நம் கல்லூரியில் லேப் வசதி போதாது என்று நாம் போட்ட சத்தம் நினைவுக்கு வருகிறது. மூன்றே மாதத்தில் தடுப்பூசி தயார். கிருமியைக் குழம்பில் வளர்த்து, சூட்டில் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்து வைத்தார். 1897 ஜனவரி 10 அன்று 10 மில்லிலிட்டர் தனக்குப் போட்டுக்கொண்டார். பின்னாளில் மற்றவர்களுக்குப் போட்டதைவிடப் பல மடங்கு அதிகம்.

அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தார்கள். ஒரே சுவர், ஒரே சோறு, ஒரே எலி. முடிவு: ஊசி போடாத பாதியில் 12 பேருக்கு நோய், 6 சாவு. போட்ட பாதியில் 2 பேருக்கு நோய், சாவு இல்லை. கைதி சம்மதம் என்பது எவ்வளவு தூரம் உண்மையான சம்மதம் என்று இன்றைக்கு நாம் கேட்போம். கேட்கவும் வேண்டும். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அதைவிடச் சுத்தமான கணக்கு 1898-ல் பரோடா அருகே உந்தேரா என்ற கிராமத்தில் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டையும் தனியாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் ஆண், பெண், குழந்தை, நோஞ்சான், திடகாத்திரம் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக வருகிற மாதிரி பாதிப் பேருக்கு மட்டும் ஊசி. பிறகு பிளேக் எந்தெந்த வீட்டுக்குள் புகுந்ததோ அந்த வீடுகளை மட்டும் கணக்கெடுத்தார்கள். ஊசி போடாத 64 பேரில் 26 பேர் இறந்திருந்தார்கள். போட்ட 71 பேரில் இறந்தவர்கள் 3 பேர். ஒரே கூரைக்குக் கீழே! இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த 26 பேரும் ஏதோ ஒரு வீட்டில் யாருக்கோ அம்மா, யாருக்கோ தம்பி. ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் அரசாங்கம் அசைந்திருக்காது என்பதும் உண்மை.

கொள்கை மெல்லத் திரும்பியது. பம்பாய் மாகாணத்தில் ஊசி போட்டவர்களுக்குச் சில கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு கிடைத்தது. இருபது வயது இளைஞரான ஆகா கான், தன் இஸ்மாயிலி சமூகத்தார் முன்னிலையில் தானே ஊசி போட்டுக்கொண்டு, ஆய்வுக்கூடத்துக்குத் தன் மாளிகையையும் கொடுத்தார். அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் கை நீட்டினார்கள். 1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையிலேயே பிளேக் ஆராய்ச்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஒரு அறையும் தாழ்வாரமுமாக ஆரம்பித்தவர் அதன் தலைவர்.

ஊசி முழுக் காப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காய்ச்சலும் கை வலியும் பலமாக இருக்கும். போட்டவர்களிலும் சிலர் இறந்தார்கள். அரசு அமைத்த இந்திய பிளேக் கமிஷன், ஹாஃப்கின் தந்த கணக்குகளில் பல இடங்களில் துல்லியம் போதாது என்று குறையும் சொன்னது, ஊசியால் பலன் உண்டு என்று ஒப்புக்கொள்ளவும் செய்தது. இரண்டும் நியாயம்தான். கணக்கைக் காட்டுகிறவர் கணக்கைத் தணிக்கைக்கும் திறந்து வைக்கத்தான் வேண்டும்.

மல்கோவால்: 53-என் பாட்டில்

1902-ல் பஞ்சாபில் பிளேக் தலைவிரித்து ஆடியது. லட்சக்கணக்கில் ஊசி வேண்டும் என்று கேட்டார்கள். உற்பத்தியைக் கூட்ட ஹாஃப்கின் முறையைக் கொஞ்சம் மாற்றினார். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, வெப்பத்தை மட்டும் நம்பினார்.

அக்டோபர் 30. மல்கோவால் கிராமம், இன்றைக்குப் பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. அன்று 5 பாட்டில் மருந்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் கழித்து 19 பேருக்குத் தாடை இறுகியது, உடம்பு வில்லாக வளைந்தது. டெட்டனஸ், அதாவது இரண ஜன்னி. 19 பேரும் இறந்துபோனார்கள். அத்தனை பேருக்கும் ஊசி வந்தது ஒரே பாட்டிலில் இருந்து. அதன் எண் 53-என்.

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. பாட்டில் திறக்கும் முன்பே கெட்டிருக்க வேண்டும், ஆகவே தவறு பரேல் ஆய்வுக்கூடத்தில்தான் என்று முடிவு சொன்னது. அமிலத்தை விட்டது பெருங்குற்றமாகச் சேர்ந்தது. ஹாஃப்கின் பதவி இழந்தார், சம்பளம் நின்றது. அவர் மருத்துவப் பட்டம் வாங்கியவரில்லை, விலங்கியல்காரர். ரஷ்யாக்காரர், உளவாளியோ என்ற சந்தேகம் வேறு. யூதர். ஆங்கில மருத்துவ அதிகாரிகளுக்கு மேலே உட்கார்ந்தவர். பழி சுமத்த வசதியான தோள்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. பாட்டில் ஆய்வுக்கூடத்திலேயே கெட்டிருந்தால், அதில் கிருமி வாரக்கணக்கில் வளர்ந்து நாற்றம் எடுத்திருக்கும். மல்கோவாலில் பாட்டிலைத் திறந்த டாக்டர் மோந்து பார்த்தபோது நாற்றம் இல்லை. அவ்வளவு நாள் வளர்ந்த நஞ்சு என்றால் நோய் இன்னும் சீக்கிரமாகத் தாக்கியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஏன்? பாட்டில் மூடியைத் திறந்த இடுக்கி அன்று காலையில் தரையில் விழுந்தது என்றும், சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தப்பட்டது என்றும் சாட்சியத்திலேயே இருந்தது. மண்ணில்தான் இரண ஜன்னிக் கிருமி குடியிருக்கிறது. அமிலம் சேர்த்திருந்தாலும் அந்தச் சொற்ப அளவு அதன் வித்துக்களைக் கொல்லாது. எல்லாம் காகிதத்தில் இருந்தது. ஆனால் முடிவு முதலில் வந்துவிட்டது, சாட்சியம் பின்னால் நின்றது.

என் கையெழுத்து

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதி இல்லை.

சில வருடங்களுக்கு முன் நம் எல்லைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். அனுப்பிய ஷாஃப்டுகளில் விரிசல் என்று வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. இரண்டு நாளில் காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். லாட் நம்பரைப் பிடித்துப் போனேன். நைட் ஷிஃப்ட், சூடேற்றும் உலை, ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி. ரீடிங் புக்கில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. போதும் என்று தோன்றியது. ஆள் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அவரை நிறுத்திவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து அதே விரிசல் மறுபடி வந்தது. இந்த முறை அவர் இல்லை. உலையைப் பிரித்துப் பார்த்தால், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பழுது. உள்ளே கூடுதல் சூடு, வெளியே காட்டியது சரியான சூடு. அன்றைக்கே மற்ற ஷிஃப்ட்டில் ஓடிய ஷாஃப்டுகளில் பத்தை எடுத்து அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், விரிசல் எல்லா ஷிஃப்ட்டிலும் இருந்தது என்று. நான் நைட் ஷிஃப்ட்டை மட்டும்தான் பார்த்தேன். மருந்து குடித்த ஆட்டை மட்டும் எண்ணினேன், குடிக்காததை எண்ணவில்லை.

அவரைத் தேடிப் போன் போட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மல்கோவால் கதையைப் பிறகு படித்தபோது, அந்தக் கமிஷனில் நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது.

விடுதலையும் அதன் விலையும்

ஹாஃப்கின் 1904-ல் லண்டன் போனார். விடாமல் கடிதம் எழுதினார், ஆதாரம் கேட்டார். ஆவணங்கள் வெளியானபின் விஞ்ஞானிகள் அவற்றைப் பிரித்துப் படித்தார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முன்னின்றார். 1907 ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் சேர்ந்து லண்டன் டைம்ஸில் கடிதம் வெளியிட்டார்கள். கல்கத்தாவில் கூட நின்ற சிம்சனும் அதில் ஒருவர். அந்த ஆண்டு இறுதியில் இந்திய அரசு ஹாஃப்கினை மறுபடி வேலைக்கு அழைத்தது.

அழைத்தது, ஆனால் முழு மனதோடு இல்லை. பம்பாய்ப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு ஆய்வுக்கூடம் கொடுத்தார்கள். புதிய காலரா மருந்தை மக்களிடம் சோதிக்க அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஏட்டு ஆராய்ச்சியோடு காலம் தள்ளி, முதல் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லோசானில் காலமானார்.

இந்த ஐந்து வருட இழுபறியில் யாருக்கு நஷ்டம்? அவருக்கு மட்டும் இல்லை. மல்கோவாலுக்குப் பிறகு பஞ்சாபில் ஊசி மேல் இருந்த நம்பிக்கை சரிந்தது. 1907-ல் மட்டும் இந்தியாவில் பிளேக்கில் இறந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ஊசி எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். உந்தேராவில் பார்த்த கணக்குப்படி பலரைக் காப்பாற்றியிருக்கும். இடுக்கி விழுந்ததைச் சரியாக எழுதி, சுத்தம் செய்யும் முறையைத் திருத்தி, ஜனங்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை நின்றிருக்காது. பழியை எடுத்து ஒருவர் தலையில் வைத்ததும் எல்லோரும் கை கழுவிவிட்டார்கள். உண்மையில் கழுவ வேண்டிய இடுக்கி மட்டும் அப்படியே கிடந்தது.

இருந்தும் அவர் வேலை நிற்கவில்லை. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து 2 கோடியே 60 லட்சம் ஊசி அளவு பிளேக் மருந்து வெளியே போனது. 1925-ல் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினார்கள். 1964-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. பிளேக்குக்கு இன்று நல்ல மாத்திரை மருந்துகள் உண்டு. காலராவுக்கு வாயில் ஊற்றும் தடுப்பு மருந்து உண்டு. அவர் செய்த ஊசிகள் இன்று புழக்கத்தில் இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் புழக்கத்தில் இருக்கிறது.

நமக்கு என்ன?

அந்தக் கேள்வி நம் மாநிலத்திலும் பெரிய காரியம் செய்திருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் குணமாகும் என்பதுதான் உலக வழக்கம். அத்தனை கட்டிலுக்கு ஏழை நாடு எங்கே போகும்? 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலேயே மருந்து, மறு பாதிக்கு சானடோரியம். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் காசநோய் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் சென்னையின் அந்த 193 பேர் இருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளைக்கு ஏதாவது ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். ஓசூர் சிப்காட்டில் போடுவீர்கள், பெங்களூரில் போடுவீர்கள், சிலர் அரசு அலுவலகத்தில் போடுவீர்கள். அவசரப்படுத்துவார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பார்கள். அப்போது இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இதைச் செய்யாத இடத்தில் என்ன ஆனது? இரண்டு, இந்தக் கணக்கு தப்பாக இருந்தால் அடிபடப் போவது யார்? முதல் கேள்வி திட்டத்தைக் காப்பாற்றும். இரண்டாவது ஒரு மனுஷனைக் காப்பாற்றும். ஹாஃப்கின் முதல் கேள்வியை இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டாவதை யாரும் கேட்காததால் தன் வாழ்க்கையின் நல்ல வருடங்களை இழந்தார்.

இப்போதெல்லாம் கோயம்புத்தூர் போனால் பிளேக் மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நிற்கிறேன், சிரிப்பதில்லை. எண்ண ஆள் இல்லாத காலத்தில் ஜனங்கள் அங்கேதான் போய் முறையிட்டார்கள். எண்ண வந்த ஆளையும் நாம் நன்றாக நடத்தவில்லை.

எல்லோரும் சங்கமத்தில் சந்திப்போம். மெஸ் சாம்பாரைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

வாழ்க நம் கல்லூரி!

— பழைய மாணவன் ஒருவன்,
பொறியாளர், ஓசூர்